16 விநாடிக் குரல்: ஆள்கடத்தல் மீட்புப் பணியாளர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

எங்கள் காப்பகத்தின் வழக்குப் பணியாளர் தன் ஹெட்போனைச் சுருட்டி என் மேசை மேல் வைத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம், எனக்கு வேண்டாம்" என்றார். வேறொன்றும் சொல்லாமல் அடுத்த வழக்கின் கோப்பைத் திறந்துவிட்டார்.

ஆறு ஆண்டுகளாக அவரோடு வேலை செய்கிறேன். காதில் பாட்டில்லாமல் அவர் வீட்டுக்குக் கிளம்பி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உறைத்திருக்க வேண்டிய நாள் அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்பே வந்து போயிருந்தது.

ஆள்கடத்தல் வழக்குகளை எழுதும்போது மீட்கப்பட்டவரின் கதையைத்தான் எழுதுவோம். பணியாளர் கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்தாக மட்டும் இருப்பார். இந்த ஆய்வில் இருவருமே இருக்கிறார்கள், ஏனென்றால் இருவரையும் பிடித்து ஆட்டியது மீட்கப்பட்ட பெண் பாடிய ஒரே 16 விநாடிப் பதிவு. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதியதை இருவருக்கும் படித்துக் காட்டினேன். எடுக்கச் சொன்னதை எடுத்துவிட்டேன்.

பணியாளர்

வயது முப்பத்து நான்கு. காப்பகத்தில் வழக்குப் பணி: வாக்குமூலத்துக்குத் துணை நிற்பது, வழக்கறிஞரோடு பேசுவது, மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, இரவில் தூக்கம் வராதவர்களோடு விழித்திருப்பது. பாட்டுக் கற்றவர் இல்லை. ஆனால் கேட்கத் தெரிந்தவர். வேலை முடிந்து வீடு சேரும் நாற்பது நிமிடமும் பாட்டுத்தான். காப்பகத்தில் கேட்டதையெல்லாம் வாசலுக்கு வெளியிலேயே இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் போக அந்த நாற்பது நிமிடம் தேவைப்பட்டது என்று ஒருமுறை சொன்னார்.

இணையத்தில் ஒரு பாட்டுக் குழுவில் புனைபெயரோடு இருந்தார். பழைய பாடல்களைப் பிரித்து மேய்கிற குழு அது. இந்த இடத்தில் வருவது குழலா கிளாரினெட்டா, இந்த மெட்டு வேறு எந்தப் பாட்டில் ஒளிந்திருக்கிறது என்று நள்ளிரவு வரை சண்டை போடுவார்கள். அவர் என்ன வேலை செய்கிறார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. "அங்க யாரும் என்னைப் பாவம்னும் பார்க்க மாட்டாங்க, பெரிய தியாகின்னும் பார்க்க மாட்டாங்க. தாளம் தப்பாச் சொன்னா திட்டுவாங்க" என்பார். எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஓய்வு என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. நாங்கள் என்ன வேலை என்று சொன்ன கணத்திலேயே எதிரே இருப்பவரின் முகம் மாறிவிடும், அதன்பிறகு சாதாரணப் பேச்சே கிடையாது.

அந்தப் பெண்

அவளுக்கு 22 வயது. முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து பாடக்கூடிய டூயட் செயலி ஒன்றில் தினமும் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாதி பாடி விட்டுவைத்தால் மீதியை யாராவது பாடி முடிப்பார்கள். அப்படி முடித்தவர்களில் ஒருவன் ஆறு மாதம் விடாமல் வந்தான். பாராட்டினான். தவறுகளையும் சொன்னான். வெறும் புகழ்ச்சியாக இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன், ஆனால் அவன் மூச்சு எங்கே எடுக்க வேண்டும் என்று சொல்லித் தந்தான் என்றாள். பிறகு வெளிநாட்டில் மேடைப் பாடகி வேலை, ஒப்பந்தம், பயணச்சீட்டு. போய்ச் சேர்ந்ததும் பயணச் செலவு, உடை, அறை எல்லாமே கடன் கணக்கில் ஏறின. கடவுச்சீட்டு வேறொருவர் கையில். மேடை என்று சொன்னது ஒரு மதுக்கூடம், பாட்டு அங்கே நடந்ததில் மிகச் சிறிய பகுதி.

விசாரணையில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி: "அவளே விருப்பப்பட்டுத்தானே போனாள்?" செயலியின் அரட்டையில் "சரி, வருகிறேன்" என்று அவளே எழுதியிருந்தாள். ஐ.நா.வின் 2000-ஆம் ஆண்டுப் பலெர்மோ நெறிமுறை ஆள்கடத்தலை மூன்று கூறுகளாகப் பார்க்கிறது: ஆளைத் திரட்டுவது, கொண்டுபோவது, வைத்துக்கொள்வது போன்ற செயல்; மிரட்டல், ஏமாற்று போன்ற வழிமுறை; சுரண்டல் என்ற நோக்கம். அந்த வழிமுறைகளில் ஒன்று கையாளப்பட்டிருந்தால் பாதிக்கப்பட்டவரின் சம்மதத்துக்கு அங்கே மதிப்பில்லை என்று அதன் 3-ஆம் விதி சொல்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் வழிமுறையை நிரூபிக்கவே தேவையில்லை. இவளுக்கு 22 என்பதால் ஏமாற்றைக் காட்டியே ஆக வேண்டும். ஆறு மாத அரட்டையையும் ஒலிப்பதிவுகளையும் வரிசைப்படுத்தி, எந்த நாளில் பாட்டுப் பேச்சு வேலைப் பேச்சாக மாறியது என்று அட்டவணை போட்டவர் எங்கள் பணியாளர்தான். நல்ல வேலை. அந்த அட்டவணை இல்லாமல் இந்த வழக்கு நின்றிருக்காது.

பதிவு பரவியது

மதுக்கூடத்தில் இருந்தபோது அவளை ஒரு திரைக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். அடுத்த பெண்களை ஈர்க்க விளம்பரம். "யாரும் கேட்காத பாட்டு ஒண்ணு பாடு" என்றானாம் படம் பிடித்தவன். சினிமாப் பாட்டு என்றால் உரிமைக்காரர்கள் வந்து நீக்கிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் ஒரு தாலாட்டின் நடுப்பகுதியைப் பாடினாள். மினுக்கும் உடை, மங்கலான விளக்கு, அதிராத குரல். மூன்றாவது வரியின் பாதியில் பதிவு நின்றுவிடும்.

மீட்கப்பட்டு நான்கு மாதம் கழித்து அந்தப் பதிவு பரவத் தொடங்கியது. குறுங்காணொளிச் செயலியில் ஒருவர் அவள் குரலை மட்டும் பிரித்தெடுத்துத் தன் காணொளிக்குப் பின்னணியாக வைத்தார். அதைப் பார்த்துப் பலர். மழை பெய்யும் சன்னல், தூங்கும் பூனைக்குட்டி, பிரிந்துபோன காதல், பிறந்த குழந்தையின் விரல் என்று எல்லாவற்றுக்கும் அந்தக் குரல் பொருந்தியது. வேகம் கூட்டிய வடிவம் ஒன்று வந்தது. வேகம் குறைத்து எதிரொலி சேர்த்த வடிவம் அதைவிடப் பிரபலமானது. பாதியில் நிற்பதே அதன் ருசியாகிவிட்டது. விட்ட இடத்திலிருந்து தங்கள் சொந்த வரியைப் போட்டு முடிப்பது ஒரு விளையாட்டாக மாறியது.

இதைச் செய்தவர்களில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆபத்தும் நல்ல எண்ணத்திலிருந்துதான் வந்தது. "இந்தக் குரல் யாருடையது, கண்டுபிடித்து வாய்ப்புக் கொடுங்கள்" என்று கமெண்டுகள் குவிந்தன. இணையத்துக்குத் துப்பறிவது பிடிக்கும். திரைச்சீலையின் நிறத்தை வைத்து இடத்தையும், உச்சரிப்பை வைத்து ஊரையும் ஊகிக்க ஆரம்பித்தார்கள். ஒரு ஊகம் பதறும் அளவுக்கு நெருங்கியும் வந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தது. கடத்தல்காரனோடு இருந்தவர்கள் எல்லோரும் இன்னும் பிடிபடவில்லை.

என் தவறுகள்

முதல் தவறு: இந்த வேலையைப் பணியாளரிடம் கொடுத்தபோது எந்தப் பாதுகாப்பு ஏற்பாடும் செய்யவில்லை.

வன்முறைக் காட்சிகளைப் பார்க்க வேண்டியிருந்தால் எங்களிடம் முறை இருக்கிறது. ஒலியை அணைத்துவிட வேண்டும், படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிச் சிறிய சன்னலில் பார்க்க வேண்டும், தொடர்ந்து பார்க்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு, இரவில் பார்க்கக் கூடாது, சொந்த போனில் கூடவே கூடாது. இதில் அடி இல்லை, ரத்தம் இல்லை. வெறும் பாட்டு. அதனால் "பரவுற லிங்க்கையெல்லாம் சேர்த்து ஒரு பட்டியல் போட்டுடுங்க" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஒலியை அணைத்துவிட்டு இந்த வேலையைச் செய்யவே முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை. பிரதியை அடையாளம் காண்பதே காதால்தான்.

அவர் சொந்த போனில், சொந்த ஹெட்போனில், வீடு திரும்பும் வழியில் தேடினார். ஒவ்வொரு பிரதிக்கும் இடையே ஆறுதலுக்குத் தனக்குப் பிடித்த பாட்டு ஒன்று. மூன்றே வாரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. பிடித்த பாட்டின் முதல் வாத்திய ஒலி கேட்டதுமே வயிற்றைப் பிசைந்தது என்றார். பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்த பாட்டுப் பட்டியலில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்களை அவரால் கேட்க முடியாமல் போயிற்று. செயலியின் அல்காரிதம் தன் பங்கைச் செய்தது. ஒரே ஒலியைத் தேடித் தேடி முழுதாகக் கேட்கிறவருக்கு அது பிடித்திருக்கிறது என்றுதானே கணக்குப் போடும்? வேலை நேரம் முடிந்த பிறகும் திறக்கும்போதெல்லாம் அந்தக் குரலே முதலில் வந்தது. பாட்டுக் குழுவிலும் ஒருநாள் யாரோ அதைப் போட்டு "என்ன உணர்ச்சி இந்தக் குரலில்!" என்று எழுதினார்கள். அன்றே குழுவை விட்டு வெளியேறினார். யாரிடமும் காரணம் சொல்ல முடியாது. சொன்னால் அவளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

பிறரின் துயரத்தைத் தொடர்ந்து கேட்பவரின் உலகப் பார்வையே மாறிப்போவதை 1990-இல் மெக்கேன், பேர்ல்மன் என்ற உளவியலாளர்கள் விரித்து எழுதினார்கள். 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற மனநோய்க் கையேடு இன்னும் திட்டவட்டமாகச் சொல்கிறது: அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்குரிய அனுபவங்களில் திரை வழியாகப் பார்ப்பது பொதுவாகச் சேராது, ஆனால் வேலையின் பகுதியாகத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டால் சேரும். எங்கள் மனநல ஆலோசகர் அவருக்கு நோய் என்று எதையும் எழுதவில்லை. தூக்கம் குறைந்திருந்தது, எரிச்சல் கூடியிருந்தது, இசை போயிருந்தது. கடைசியாகச் சொன்னதை எந்தப் படிவத்திலும் குறிக்க இடமில்லை. அதனால்தான் நானும் கேட்கவில்லை.

இரண்டாவது தவறு முதலாவதைவிடப் பெரிது. நீக்கவேண்டும் என்று நானே முடிவு செய்தேன். குரலுக்குச் சொந்தக்காரியிடம் கேட்கவில்லை.

நீக்கும் வேலை

இதே நிலையில் வேறு யாராவது மாட்டினால் உதவும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் பதற்றத்தில் நேராக ரிப்போர்ட் பொத்தானைத்தான் தேடுவோம். அது தவறு. மூலப் பதிவைப் போட்ட கணக்கு கடத்தல்காரனுடையது, அங்கே இருந்த கமெண்டுகளே சாட்சியம். "நானும் பாடுவேன், எப்படிச் சேருவது?" என்று சில பெண்கள் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே "தனியாக மெசேஜ் பண்ணுங்க" என்று பதில். கணக்கு போனால் இதெல்லாம் போய்விடும். அதனால் முதலில் பாதுகாப்பு: முழு முகவரி, நேரம், கணக்கின் எண், கமெண்டுகளோடு ஸ்கிரீன்ஷாட், பதிவின் நகல், அந்த நகல் மாறவில்லை என்று காட்ட எஸ்.எச்.ஏ-256 குறியீடு. நிறுவனத்திடம் இருக்கும் தரவை அழியாமல் நிறுத்திவைக்கக் காவல்துறை கேட்டுக்கொள்ளலாம். இணையக் குற்றங்கள் பற்றிய 2001-ஆம் ஆண்டு புடாபெஸ்ட் உடன்படிக்கையின் 16-ஆம் விதி இதற்கென்றே இருக்கிறது. உத்தரவு 90 நாள் வரைதான், ஆனால் புதுப்பிக்கலாம். அந்தக் கணக்கிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகுதான் மூலப் பதிவு நீக்கப்பட்டது.

பிரதிகள் வேறு கதை. மாற்றம் செய்யாத நகல்கள் ஒரு வாரத்தில் பெரும்பாலும் போயின. வேகம் மாற்றியவை நின்றன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. பாட்டை அடையாளம் காணும் முறைகளில் புகழ்பெற்ற ஒன்றை பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் நிறுவனத்தின் ஏவரி வாங் 2003-இல் விளக்கி எழுதினார். ஒலியின் அலைவரிசைப் படத்தில் உயர்ந்து நிற்கும் புள்ளிகளை மட்டும் எடுத்து, இரண்டிரண்டாக இணைத்து, அவற்றின் அலைவரிசையையும் இடையிலுள்ள நேரத்தையும் கைரேகையாகச் சேமிப்பது அது. இரைச்சலுக்கு நடுவிலும் கண்டுபிடிக்கும். ஆனால் வேகத்தைக் கூட்டினால் அலைவரிசையும் நேர இடைவெளியும் சேர்ந்தே நகர்ந்துவிடும், கைரேகை பொருந்தாது. கொஞ்சம் வேகம், கொஞ்சம் எதிரொலி என்று ரசனைக்காக ஆயிரம் பேர் செய்கிற மாற்றம், தேடுபவரின் கண்ணில் தெரியாமல் ஒளிந்துகொள்ளவும் உதவிவிடுகிறது. அந்த வடிவங்களை மனிதக் காதுதான் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் காது எங்கள் பணியாளருடையது.

சட்ட வழி ஒன்றும் இருந்தது. நிகழ்த்துகலைஞர்களின் உரிமைகளுக்கான 1996-ஆம் ஆண்டு டபிள்யூ.பி.பி.டி. உடன்படிக்கை, பாடுபவரின் நிகழ்ச்சியை அவர் அனுமதியின்றிப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. பதிவில் தன் பெயர் இருக்கக் கோரவும், தன் மதிப்பைக் கெடுக்கும் சிதைவை எதிர்க்கவும் அவருக்கு உரிமை தருகிறது. காட்சியோடு சேர்ந்த நிகழ்ச்சிகளுக்கு 2012-இன் பெய்ஜிங் உடன்படிக்கை. எங்கள் வழக்கறிஞர் இதை உற்சாகமாகக் கொண்டுவந்தார். ஆனால் உரிமை கோரும் புகாரில் கோருபவரின் பெயரும் முகவரியும் இருக்கும். அது பதிவேற்றியவரின் கைக்கே போய்ச் சேரக்கூடும். எவனிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறோமோ அவனுக்கே விலாசம் எழுதிக் கொடுப்பது போல. அவள் சார்பில் முகவராக வழக்கறிஞரே தன் பெயரில் கையெழுத்திட்டால் தப்பிக்கலாம். அதற்கு அவள் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். அந்தக் கையெழுத்து தேவைப்பட்டதால்தான் கடைசியில் அவளிடம் போனோம்.

அவள் கேட்டது

பணியாளர்தான் சொன்னார், மெதுவாக, எல்லாவற்றையும். அவள் அழுவாள் என்று தண்ணீரெல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை பேர் போட்டிருக்காங்கக்கா?"

எண்ணைச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அவ்வளவு பேருக்குப் பிடிச்சிருக்கா?"

பணியாளர் என்னிடம் வந்து குமுறினார். "அவளை வெச்சு விளம்பரம் பண்ணின வீடியோ மேடம் அது. அவ சந்தோஷப்படுறா. நான் ராத்திரி பூரா உட்கார்ந்து அழிச்சுட்டு இருக்கேன்." அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவள் சந்தோஷத்திலும் நியாயம் இருந்தது. சிறு வயதிலிருந்து அவள் கேட்டதெல்லாம் தன் குரலை யாராவது கேட்க வேண்டும் என்பதுதான். அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் அவளை இழுத்தான். ஆசை அவனுடையது ஆகிவிடுமா? அமெரிக்க அரசின் மனநலத் துறை நிறுவனமான சாம்சா 2014-இல் வகுத்த, மனக்காயத்தை உணர்ந்து நடத்தும் 'காயமறிந்த பராமரிப்பின்' ஆறு கோட்பாடுகளில் ஒன்றை 'குரலும் தேர்வும்' என்று பயிற்சி வகுப்புகளில் பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். குரல் என்பதை உருவகமாகவே எடுத்துப் பழகிவிட்டேன்.

மறுநாள் நானும் போய் உட்கார்ந்தேன். கேட்காமல் தொடங்கியதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஆபத்து என்ன என்பதை மறைக்காமல் சொன்னேன்: தேடுகிறார்கள், ஒருவர் நெருங்கிவிட்டார். இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். பிறகு தன் முடிவைச் சொன்னாள். முகமோ அந்த உடையோ தெரிகிற எல்லாமே போக வேண்டும். "யார் இவள்" என்று தேடுகிற பதிவுகள் போக வேண்டும். குரல் மட்டும் உள்ளவற்றில் ஊரைச் சொல்பவை போக வேண்டும். மற்றதை விட்டுவிடுங்கள் என்றாள். "அந்தப் பூனைக்குட்டி வீடியோவை மட்டும் எடுத்துடாதீங்க."

வேலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. நாங்கள் யாரும் எதிர்பார்க்காத பலன் அது.

பணியாளருக்குச் செய்தது

தேடும் வேலையை மூன்று பேருக்குப் பிரித்தோம். அலுவலகக் கணினி, தனிக் கணக்கு. ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும், ஹெட்போன் கிடையாது. ஒரு நேரத்தில் இருபது நிமிடம். தேடும்போது பின்னணியில் வேறு இசை எதுவும் கூடாது என்று விதியே எழுதினோம். அவரவர் பாட்டு அவரவர் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். அவர் சொந்த போனில் அந்தச் செயலியின் பார்வை வரலாற்றை அழித்து, ஆட்டோபிளேயை நிறுத்திக் கொடுத்தோம். வாராந்திர மேற்பார்வைச் சந்திப்பில் "இந்த வாரம் என்ன கேட்டீங்க?" என்ற கேள்வியைச் சேர்த்தேன். எல்லாப் பணியாளர்களிடமும் கேட்கிறேன். பதில் சொல்லத் தயங்குகிற வாரத்தில்தான் கவனிக்க வேண்டியது ஏதோ இருக்கிறது.

மிச்சமிருந்தது ஒன்று. அந்த 16 விநாடி அவர் தலைக்குள் ஓடுவது நிற்கவில்லை. பாத்திரம் கழுவும்போது, நீதிமன்ற வராந்தாவில் காத்திருக்கும்போது, பாதி வரியில் நின்று மறுபடி முதலிலிருந்து. ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2015-இல் வெளியான ஆய்வில், மனத்துக்குள் ஓடும் பாட்டைச் சூயிங்கம் மெல்வது குறைக்கிறது என்று பார்த்தார்கள். முயன்றார், கொஞ்சம் குறைந்தது. பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டால் சிலருக்கு நின்றுவிடும் என்றும் சொல்வார்கள். ஆனால் இந்தப் பாட்டின் மீதி எங்கேயும் இல்லை.

பதிவு பரவத் தொடங்கிய ஐந்தாம் மாதம், காப்பகத்தை விட்டுத் தங்குவிடுதிக்கு மாறும் நாளில், பெட்டியை அடுக்கிக்கொண்டே அவளிடம் கேட்டிருக்கிறார், ஏன் அந்த வரியைப் பாதியில் நிறுத்தினாய் என்று. பதிவை வெட்டிவிட்டார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

"யாரும் வெட்டலக்கா. நான்தான் நிறுத்துனேன். அடுத்த வரியில அம்மா என் பேரைப் போட்டுப் பாடும். அவன் முன்னாடி அதைப் பாட மாட்டேன்னு வாயை மூடிக்கிட்டேன். மறந்துடுச்சுன்னு சொன்னேன்."

அதற்கு அடுத்த வாரம் பணியாளர் என் அறைக்கு வந்து இழுப்பறையைத் திறந்து ஹெட்போனை எடுத்துக்கொண்டார். பாட்டுக் குழுவுக்கு இன்னும் திரும்பவில்லை. நாற்பது பாடல்களில் பத்துப் பன்னிரண்டு திரும்பி வந்திருக்கின்றன, மற்றவை வருமா என்று தெரியாது என்றார்.

"மீதியைப் பாடிக் காட்டினாளா?" என்று கேட்டேன்.

"பாடினா மேடம், போனையெல்லாம் வெளியில வெச்சுட்டு வரச் சொல்லிட்டு. அடுத்த வரி என்னன்னு மட்டும் கேட்காதீங்க, உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்."